செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் ஒரு மனைவி தேவை

ஸ்லவோனியா,
டிசம்பர் 3, புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ட்ராகுதின் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் திஹோமிர் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஒன்பது கோழிகளும் நலம். அங்கே ஸாதாரில் தாங்களும் தங்கள் சம்சாரமும் கடல் காற்றில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வந்திருக்கும் தங்கள் தங்கை நெவென்கா என் கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவதாகக் கேள்வி. அதனால்தான் தங்கள் பெயருக்கு எழுதுகிறேன். அவள் சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சற்று உரக்கப் படிக்கவும்.

விஷயம் சின்னதுதான். நான் குடியை விட்டு நேற்றோடு இருபத்தொன்பது நாள். (இங்கே கொஞ்சம் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கவும்.) செப்டம்பரில் அவள் பெட்டியோடு கிளம்பியபோது, பிளம் சாராயம் காய்ச்சும் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டே, "கதவைச் சாத்திட்டுப் போ"ன்னு சொன்ன அதே திஹோமிர்தான். குடியை விட்டவர்களுக்கு நம் ஊரில் ஒரு சங்கம் இருப்பது தெரியும், எங்கே கூடுகிறார்கள் என்றுதான் தெரியாது. தபால்காரரைக் கேட்டேன், "அய்யோ பாவம், அவ்வளவு மோசமாயிடுச்சா?" என்று ஆறுதலுக்குப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். கடைசியில் விவரம் சொன்னது சாராயக்கடை பெரோதான். "செவ்வாய், ஏழு மணி, தீயணைப்புச் சங்கக் கட்டடம். நல்ல வாடிக்கை அஞ்சு பேரை அங்கதான் பறிகொடுத்தேன். நீயுமாடா திஹோ?" என்றான். அவன் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போனேன். மூக்குக் கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. கீழ்க் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், நடுவில் உயரத் தொப்பியோடு சர்ச் ஆயர் ஒருவர். பரவாயில்லை, ஆயரையே வரவழைத்திருக்கிறார்களே என்று தைரியம் வந்து, எழுந்து நின்று, இத்தனை வருஷம் நெவென்காவிடம் ஒத்துக்கொள்ளாததை அங்கே சொல்லிவிட்டேன். "என் பேரு திஹோமிர். நான் குடிகாரன். பொண்டாட்டி போயிட்டா." கூடமே அதிர்ந்தது. ஒருத்தன் விசிலடித்தான். "சபாஷ்! இந்த வருஷம் இவன்தான்யா ஞானத்தந்தை!" என்று கத்தினார்கள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் ஆயர் நம்ம கசாப்புக்கடை யுரிட்சா, தலையில் இருந்தது அட்டைத் தொப்பி. நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்குப் புதுத் திராட்சைச் சாற்றுக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒயினாக்குகிற கூத்து இருக்கிறதே, அதற்கு ஒத்திகையாம். "மகனே, உன் பாவத்துக்குப் பரிகாரம் ரெண்டு கிளாஸ்" என்று கையில் திணித்தான். மூக்குக்குக் கீழே வாசனை. மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் ஒரு அம்மா படியிறங்கி வந்து, "கொஞ்சம் மெதுவாக் கத்துங்க, மேல குடியை விட்டவங்க மீட்டிங் நடக்குது" என்றாரோ இல்லையோ, கிளாஸை ஆயர் கையில் கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

மேலே வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தன் பக்கத்திலும் அவனவன் மனைவி, சங்கத்தின் வழக்கம் அப்படி, குடும்பத்தோடுதான் வர வேண்டும். சங்கத்தை நடத்தும் விஷ்னியா அம்மா, "உங்க கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார். வாய் தவறி, "சைக்கிளை நிறுத்திட்டு வர்றா" என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். இதில் கொடுமை என்னன்னா மச்சான், நானே நம்பிட்டேன். படியில சத்தம் கேட்டப்பல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை அவ இருமல் மாதிரியே இருந்துச்சு. அவ இல்லாம வீடு நல்லாவே இல்ல மச்சான், ரேடியோவை ரெண்டு அறைக்கும் கேக்கிற மாதிரி வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

ஆகையால் கேட்பது இதுதான்: மனைவி வராவிட்டால் சங்கத்தில் என் பெயரை அடித்துவிடுவார்களாம், விதி அப்படி. நெவென்கா செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தால் போதும். மத்தியானப் பேருந்தில் வரட்டும், என் பக்கத்தில் உட்காரட்டும், வேண்டுமானால் என்னைத் திட்டட்டும், அங்கே அதற்கு நேரமே ஒதுக்கியிருக்கிறார்கள். புதன் காலைப் பேருந்தில் நானே ஏற்றிவிடுகிறேன். வேறு எந்த எண்ணமும் எனக்குக் கிடையாது. இது முழுக்க முழுக்க சங்க வேலை.

சனிக்கிழமை திருநாளுக்குப் புனித நிக்கோலஸ் வந்து, தாங்கள் ஜன்னலில் வைக்கும் பூட்ஸ்களையெல்லாம் வால்நட்டால் நிரப்பட்டும். தங்கள் சம்சாரத்தின் முழங்கால் வலி குறையட்டும்.

தங்கள் அன்புள்ள,
திஹோமிர்

பி.கு.: மச்சான், இதை மட்டும் உரக்கப் படிக்க வேண்டாம். கிழித்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

நெவென்கா, அப்படி ஒரு விதி இல்லை. நெருங்கினவங்க யார் வந்தாலும் போதுமாம். இரண்டாவது வாரத்திலிருந்து பக்கத்து வீட்டு ருஷா அக்காதான் கூட வருகிறார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து இருபது வருஷமாகக் கேட்டதையெல்லாம் உன்னைவிட நன்றாகவே சொல்கிறார், போன வாரம் கைதட்டல் கூடக் கிடைத்தது. அதனால் செவ்வாய்க்கிழமைக்கு நீ வேண்டாம். மற்ற ஆறு நாளுக்குத்தான் வேண்டும்.