ஒத்துப்போன செல்கள்

"மைனஸ் நாற்பது" என்றது கம்ப்யூட்டர்.

மலையம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பாட்டிலில் வளரும் ஈஸ்ட் செல்கள் இன்று மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியின் ஒரு கட்டத்துக்குள் எத்தனை இருக்கும் என்று அவளுடைய சமன்பாடு சொல்ல வேண்டும். மூன்று மாதமாக ஒழுங்காகத்தான் சொன்னது. சோதனைக்கூடத்தில் கர்ணன் மைக்ராஸ்கோப்பில் எண்ணியதோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. மதுரைத் தேர்வாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டிய இன்று பார்த்து, பூஜ்யத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

கையெழுத்து விழுந்தால் எம்.ஃபில். விழாவிட்டால் மேகமலையில் தேயிலைக் கூடை. அம்மாவின் கூடைக்குப் பக்கத்திலேயே ஒன்று தயாராக இருந்தது.

கர்ணன் உள்ளே வந்தான். பேராசிரியர் வைகுண்டராஜின் மச்சினன். கணக்குப் போடுவது மலையம்மாள், உதவித்தொகை அவனுக்கு. 'மைக்ராஸ்கோப்பு பாக்கப் பொம்பளப் பிள்ளைகளுக்குப் பொறுமை பத்தாது' என்று மாமா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"என்னா மலை, இன்னைக்கு எவ்வளவு காட்டுது?"

"உங்க சோலியப் பாத்துட்டுப் போங்க."

திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சீட்டியடித்தபடி போனான்.

கோளாறு நேற்று சாயங்காலம் வந்தது. "செல்லு சாகுறதையும் சேத்துரு, அப்பத்தான் கட்டுரையில எம் பேர முதல்ல போட ஒரு நியாயம் இருக்கும்" என்றிருந்தார் பேராசிரியர். சேர்த்தாள். இப்போது அதை அழித்தாள். அவசரத்தில், தீனி தீர்ந்தால் வளர்ச்சி நிற்கும் என்ற வரியும் சேர்ந்து அழிந்தது. திரையில் செல்கள் வைகை அணையை நிரப்பிக்கொண்டு ஆண்டிபட்டிப் பக்கம் ஏறின. அந்த வரியைத் திரும்ப எழுதும்போது கரண்ட் போனது. கல்லூரி யூ.பி.எஸ். அல்லிநகரத்தில் பேராசிரியர் வீட்டு டி.வி.க்குக் காவல் இருந்தது.

கரண்ட் வந்தபோது ஃபிளாப்பியில் மிஞ்சியது நேற்று சாயங்காலத்துக் கோப்பு மட்டும். மறுபடியும் மைனஸ் நாற்பது. கூடவே வாசலில் பேராசிரியரும் தேர்வாளர் கிருபாவதியும்.

"என்னத்தா இது?" பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து நீங்க சேக்கச் சொன்னதுதான் சார்."

"சாகச் சொன்னேன். கடன் வாங்கவா சொன்னேன்?"

கிருபாவதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பேராசிரியர் சட்டென்று குரலை மாற்றினார். "இது நுட்பமான விசயம் மேடம். பொறக்கப் போற செல்லுலயும் சாவக் கழிச்சிருக்கோம்."

"பொறக்காத செல்லு எப்படி சார் சாகும்?"

"அதுதான் எங்க மாடலோட சிறப்பு."

கிருபாவதியின் புருவம் நெரிந்தது.

"அதாவது மேடம், இந்தப் பிள்ளையோட மாடல்" என்று திருத்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன். வீட்டுல படிச்சவுக யாரும் இல்ல பாருங்க."

மலையம்மாளுக்குக் காது மடல் சுட்டது. "வீட்டுல யாரும் படிக்கலதான் சார். அதனால செத்த செல்லுக்கு அவுக யாரும் காரணமில்ல."

"சண்டை வேணாம்" என்றார் கிருபாவதி. "கம்ப்யூட்டர் என்ன வேணும்னாலும் சொல்லும். பாட்டில்ல உள்ளது பொய் சொல்லாது. எண்ணினவரக் கூப்பிடுங்க. அவரு எண்ணினதோட ஒத்து வரலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேராசிரியர் முகம் தெளிந்தது. தன் மச்சினன் நல்ல எண்ணிக்கையோடு வருவான், பழி மொத்தமும் இவள் தலையில் விழும். மலையம்மாளுக்கும் அது தெரிந்தது. உலகத்தில் எந்தப் பாட்டிலிலும் மைனஸ் நாற்பது செல் இருக்காது. கூடையின் வார் இப்போதே நெற்றியில் இறுகியது.

மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் கர்ணன் வந்து நின்றான்.

"தம்பி, இன்னைக்கு மைக்ராஸ்கோப்புல எண்ணிட்டீகளா?"

"காலையிலயே உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணிட்டேன் மேடம்" என்றான் கர்ணன் பெருமையாக. "ஒரு செல்லுகூட முன்னப்பின்ன இல்ல. எனக்கும் மைனஸ் நாப்பதுதான் வந்துச்சு."