ரோசக்காரக் கிழங்கு

ஒரு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்துவிடுவார்கள். பதினொன்றாகியும் கஸ்பரின் உருளைக்கிழங்குக்கு ரோசம் வரவில்லை.

மகள் ஸ்டெபனி கட்டப்போகிறவனின் பெற்றோர் ஸ்பெயின்காரர். அவர்கள் நாட்டுப் பட்டாட்டாஸ் பிராவாஸை, அதாவது 'ரோசக்கார உருளைக்கிழங்கை', தன் கையாலேயே பொரித்துத் தருவதாகப் போனில் வீறாப்பாகச் சொல்லிவிட்டார் கஸ்பர்.

டவுன்டவுன் உணவகமொன்றில் அதை ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டார். வெளியே முறுகல், உள்ளே பஞ்சு, மேலே சிவப்பாய் ஒரு கோபம். அன்றிலிருந்து வீடு திரும்ப ஸ்காபரோ பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும், கண் சொருகிவிடும். எங்கோ ஒரு கடற்கரையில் மீசைக்காரச் சமையல்காரர் அவருக்கு மட்டும் கிழங்கு பொரிப்பார். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும்.

"எண்ணெய் கனக்க விடாதேங்கோ. உங்களுக்குச் சீனி வருத்தமெண்டு டொக்டர் சொன்னவரெல்லே," என்றாள் மனைவி வேரோனிக்கா.

"தோலோட போட்டா பொட்டாசியம், விற்றமின் சி எல்லாம் இருக்கு. நான் வாசிச்சனான்."

சத்தை நினைத்து, பொரிக்காமல் ஓவனில் வைத்தார். கிழங்கு வெளுத்துப்போய் நோயாளி மாதிரிக் கிடந்தது. உறைப்புச் சோஸில் வினாகிரி ஊற்றினார், புளித்தது. புளிப்புக்குச் சீனி போட்டார், ஜாமாகிவிட்டது.

"நான் வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கரண்டி போடட்டே?"

"உமக்கு விசரே? உது ஸ்பெயின் சாப்பாடு. உம்மட தூளைக் கிட்டவும் கொண்டு வராதையும்!"

பாவம் வேரோனிக்கா, முகம் வாடி ஹோலுக்குப் போய்விட்டாள். கஸ்பர் அதைக் கவனிக்கவில்லை. ஜாமை இளக்கத் தண்ணீர் விட்டு, அடுப்பைக் கூட்டிவிட்டு, மறுபடி கடற்கரைக்குப் போய்விட்டார். புகை அலாரம் அலறியபோதுதான் திரும்பி வந்தார்.

வேறு வழியில்லை. இரகசியமாக அந்த உணவகத்துக்கே போன் போட்டார். தலைமைச் சமையல்காரரின் வீடும் ஸ்காபரோவில்தானாம். காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவரே கொண்டுவந்து தருவாராம். மீசைக்காரரே வருகிறார்! கஸ்பர் ஓடிப்போய்ச் சட்டை மாற்றிச் சீப்பால் தலை இழுத்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தது. கஸ்பர் கதவைத் திறந்து, பாடமாக்கி வைத்திருந்த ஸ்பானிய வணக்கத்தைச் சொன்னார்.

ஃபொயில் தட்டுடன் நின்றவனுக்கு மீசையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் போகும் தேவாலயத்தில் பாட்டுப் படிக்கும் பஸ்ரியன்!

அவன் தட்டைக் கஸ்பரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அன்ரி, நீங்கள் தந்த வறுத்த தூள் முடிஞ்சுது. இன்னொரு பை தாங்கோ, அது போடாட்டி எங்கட சோஸை ஒருத்தரும் தொடுறேல்லை!"