பாசிக்குக் காவல்

இனி நம் வீட்டில் பாசி என்ற பேச்சே கூடாது என்று சட்டம் போட்டேன். பாசிப்பயற்றுக் கஞ்சிகூடக் கிடையாது.

காரணம் இருந்தது. பத்து காவான் என்ற ஊரின் கடலில் என் மீன் கூண்டுகளைச் சுற்றித் தண்ணீர் செங்காவியாக மாறியது. பாசி பெருகி மூச்சை அடைத்ததில், நான் குஞ்சிலிருந்து வளர்த்த கொடுவாக்கள் அத்தனையும் மேலே வந்து, வாய் பிளந்து, என் கண்ணெதிரிலேயே செத்தன.

அதன்பின் நான் கடல் பக்கம் போகவில்லை. ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சித்தி ஹாஜரா சும்மா இருக்கவில்லை. கெலுகோரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, பால்கனியில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தாள். விளக்கு, காற்று பம்ப், பச்சை நிறத் தண்ணீர். பாசியாம்.

"கொலைகாரனையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"அது கடல்ல கேக்க ஆளில்லாமப் பெருகினதுங்க. இது வேற சாதி. வெளிச்சம், உரம் எல்லாம் அளவாக் குடுத்து, மிஞ்சுறதுக்குள்ள எடுத்துடுவோம். மீன் குஞ்சுக்கு இரையாப் போடுற குட்டிப் பூச்சிக்கு இதுதான் தீனி."

அவள் தங்கை வீட்டுக்குப் போன அன்று பம்ப்பை அணைத்தேன். குமிழ்கள் நின்றன. பழிவாங்கிய நிம்மதி வரும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அசையாத அந்தத் தண்ணீரில் கொடுவாக்களின் வாய்கள்தான் தெரிந்தன. இன்னோர் உயிரும் என் முன்னாலேயே மூச்சுமுட்டிச் சாகவேண்டுமா? ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். பம்ப் முனகியது; ஓடவில்லை.

அகப்பையை எடுத்துக் கலக்க ஆரம்பித்தேன். கை மரத்துப்போனது. நிறுத்தப் பயம். கலக்கிக்கொண்டே தொட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். மீன்கள் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.

ஹாஜரா வந்து நின்றது தெரியவில்லை. அவள் திட்டவில்லை. அகப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீன் குஞ்சு வளர்க்கும் ஹஸ்ருலிடம் எனக்கு வேலை கேட்டிருப்பதாகவும், திங்கட்கிழமை போகவேண்டும் என்றும் அவள் சொன்னாள். சரி என்றேன்.

"பாசி பிழைச்சுக்குமா ஹாஜரா?"

"அத நான் கிளம்புறப்பவே மாத்திட்டேன், பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்காகிட்ட பத்திரமா இருக்குங்க. உங்கள நம்பி இங்க வைப்பேனா?"

"அப்ப நான் இவ்வளவு நேரம் கலக்கினது?"

"கேக்குக்குப் போடுற சாயம். வெறும் பச்சைத் தண்ணிங்க."