மணமகன்: விரைவில் அறிவிக்கப்படும்

"டேய், பத்திரிகையில மாப்பிள்ளைன்னு எங்க வீட்டுக்காரர் பேரு போட்டிருக்கு!"

வையம்பட்டியிலிருந்து ராசாத்தி அத்தை போட்ட சத்தம், போன் இல்லாமலே எடமலைப்பட்டி புதூருக்குக் கேட்டிருக்கும். அழகிரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

"நல்லா பாருங்க அத்தை..."

"கண்ணாடி போட்டுத்தான்டா பார்த்தேன். மணமகள் ஆனந்தவள்ளி, மணமகன் பிச்சை! தாய்மாமனுக்கு முறை இருக்குன்னா, அதுக்கு இந்த வயசுலயாடா? இவரு வேற காலையிலேருந்து மீசைக்கு மை தடவிக்கிட்டிருக்காரு!"

அழகிரிக்குப் பதினேழு வயது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அக்கா கல்யாணத்துக்கு வெப் பத்திரிகை செய்கிறேன் என்று அவனாகத்தான் கிளம்பினான். பக்கம் ஒன்றுதான். ஆளுக்கொரு லிங்க். லிங்க்கின் வாலில் மாப்பிள்ளை பேரையும் விருந்தாளி பேரையும் அவன் எழுதிய புரோகிராம் ஒட்டிவிடும். திறந்தால், பக்கம் அதைப் படித்துக் காட்டும். வழக்கப்படி முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அப்புறம் ஊருக்கே அனுப்பியாகிவிட்டது.

லாப்டாப்பைத் திறந்து பார்த்தான். மாப்பிள்ளைக்கும் 'பெயர்' என்றுதான் அடையாளம் கொடுத்திருக்கிறான். விருந்தாளிக்கும் அதே 'பெயர்'. பின்னால் வந்த விருந்தாளி, முன்னால் இருந்த மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு மணையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியென்றால் எல்லாருக்குமா? அடுத்த வீட்டு லூர்துராணி டீச்சருக்குமா?

டீச்சரே வாசலில் நின்றார். "தம்பி, அக்காவுக்கு நான் தாலி கட்டணுமாப்பா?"

ஆனந்தவள்ளி மட்டும் பதறவில்லை. "துவாக்குடி ஆபீஸ்ல என்கூட வேலை பார்க்கிற சரவணனுக்கு அனுப்பச் சொன்னேனே. அவருக்கும் இப்படித்தான் போயிருக்குமா?"

"ஆமாக்கா. அவரு பேருதான் மாப்பிள்ளையா வந்திருக்கும். மானம் போச்சுல்ல?"

அக்கா துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வரும் பேரை மட்டும் படி என்று பக்கத்துக்குச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை முருகானந்தம் திரும்ப மணையேறிவிட்டார். அழகிரி மூச்சு விடுவதற்குள் அப்பாவின் போன் அலறியது. எதிர்முனையில் சம்பந்தி.

"என்னங்க இது? 'அன்புள்ள முருகானந்தம், தவறாமல் வந்து மணமக்களை வாழ்த்தவும்'னு வருது! எம் பையன் அவன் கல்யாணத்துக்கே போயி, பந்தியில சாப்பிட்டுட்டு, தாம்பூலப் பையோட வரணுமா?"

"சரி பண்ணுடா!" என்று அப்பா கத்தினார்.

மாப்பிள்ளைக்கு ஒரு அடையாளம், விருந்தாளிக்கு ஒரு அடையாளம் என்று பிரித்தான். புது லிங்க் போட்டுப் பார்த்தான், பிரமாதம். ஆனால் ஊரார் போனில் கிடப்பது பழைய லிங்க். அதில் 'மாப்பிள்ளை' என்ற அடையாளமே கிடையாது. அடையாளம் இல்லாத இடம் வெறிச்சென்று இருக்க வேண்டாமே என்று, ஸ்ரீரங்கத்தில் மண்டபம் கிடைக்காமல் அலைந்த நாளில் அவன் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். அது இப்போது ஊர் முழுக்க வந்து நின்றது.

மணமகள்: ஆனந்தவள்ளி. மணமகன்: விரைவில் அறிவிக்கப்படும்.

சம்பந்தி இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எப்பங்க அறிவிப்பீங்க? நாங்களும் வேற எடம் பார்க்கணும்ல?"

அப்பா அப்படியே சோபாவில் சரிந்தார். "கல்யாணம் நின்னுச்சுன்னா நீ இந்த வீட்டுப் பக்கமே வராத."

அழகிரி அறைக்குள் போய் அழுதுகொண்டே தட்டினான். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பின்னாலேயே வந்த அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"அடிக்காதக்கா. பழைய லிங்க் எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்."

"பண்ணுடா. சரவணனுக்குப் போனத மட்டும் மொதல்ல இருந்த மாதிரியே வெச்சிடு."

"அதுல மாப்பிள்ளை பேரே தப்புக்கா!"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அது ஒண்ணுலதான்டா சரியா இருந்துச்சு."