சுந்தரலிங்கத்தார் அடித்த டிஸ்க்

குண்டசாலைச் சுந்தரலிங்கத்தார் சொன்ன சொல்லை மீறாதவர். அதுதான் அவருக்கு வந்த வினை.

மகள் நளாயினி, கம்பஸில் கூடப் படித்த சிங்களப் பெடியனைக் கட்டிக்கொண்டு மெல்பேணுக்குப் போனபோது, சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று மனைவி கமலாசனியிடம் சொன்னார்: "நான் அவளோடை கதைக்க மாட்டன். நீ கதைக்கிறதெண்டால் கதை. நான் மறிக்க மாட்டன்."

கமலாசனி கொஞ்ச நாள் அழுதுவிட்டு அடங்கிவிடுவாள் என்பது அவருடைய எண்ணம். ஆறு வருடம் போயிற்று. அவள் அடங்கவில்லை. நடுவில் அவரே பென்சன் காசில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிய பிறகு அங்கே தம்பி குடும்பம் இருக்கிறதா இல்லையா என்று அறிய அதைவிட்டால் வழியில்லை. காலையில் அவர் அதில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார். பின்னேரம் கமலாசனி அதில் மகளோடு ஸ்கைப்பில் சிரிப்பாள். இரண்டுக்கும் ஒரே கதிரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பி வருகிறார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பேரன், அங்கே சுவரில் தொங்கிய அவருடைய படத்தைக் காட்டி, "சீயா" என்றான். சிங்களத்தில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவருக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின் புகை மூக்கில் ஏறியது. வாடகை வீடு எரிந்த அன்று கட்டியிருந்த வேட்டியோடு ஓடியவர் அவர்.

மறிக்க முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் கம்ப்யூட்டருக்கு வருத்தம் வரலாம்தானே.

"இதுக்கு வைரஸ் பிடிச்சிட்டுது," என்றார்.

"ஐயோ பாவம். வெயில் பட்டதோ?"

"எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு விண்டோஸைத் திருப்பிப் போடவேணும்."

"பெட்டி வித்த பஹ்மியின்ரை கடையிலை குடுங்கோவன்."

"இவ்வளவு பெரிய பெட்டியைத் துணியிலை சுத்தி, தமிழன் ஒருத்தன் பஸ்ஸிலை ஏறினால் அடுத்த செக்பொயின்றிலை என்ன நடக்கும்? நானே செய்வன்."

சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கடையில் கொடுத்தால் படங்களையும் ஸ்கைப்பையும் பத்திரமாக எடுத்துவைத்துத் திருப்பிப் போட்டுத் தந்துவிடுவார்கள். அது எரியவேண்டும் என்பதுதானே அவருடைய ஆசை.

ஒரு தடங்கல். பஹ்மி விண்டோஸை உள்ளே போட்டே விற்றவர், டிஸ்க் தரவில்லை. சுந்தரலிங்கத்தார் இன்ரர்நெற்றில் தேடினார். டிஸ்கில் இருக்கவேண்டிய கோப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரின் வயிற்றிலேயே ஒரு மூலையில் கிடக்கின்றனவாம். அவற்றை எடுத்து நாமே டிஸ்க் அடிக்கலாமாம். ஆனால் சும்மா எழுதினால் போதாது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே அந்த டிஸ்கிலிருந்து எழும்ப வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு சின்னத் தொடக்கக் கோப்பையும் சேர்த்து எழுதவேண்டும்.

அவர் அடித்த முதல் டிஸ்க் எழும்பவில்லை. அடுத்ததும் எழும்பவில்லை. பழுதானவற்றைக் கமலாசனி நூலில் கோத்துக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டாள். குருவி அண்டாதாம். குருவி அண்டவில்லை. ஆமி வந்தது.

"மே மொனவத?" என்று மரத்தைக் காட்டிக் கேட்டான் ஒரு சிப்பாய். இது என்னவாம். வெயிலில் பளிச் பளிச்சென்று மின்னி யாருக்கோ சைகை காட்டுவது போலத் தெரிந்ததாம். சுந்தரலிங்கத்தார் வேலை பார்த்த இடத்தில் பழகிய கந்தோர்ச் சிங்களத்தில் குருவியைப் பற்றியும் விண்டோஸைப் பற்றியும் விளக்கினார். அடையாள அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். யாழ்ப்பாணம் என்று இருந்த இடத்தில் அதிக நேரம் பார்த்தார்கள். பிறகு டிஸ்க்குகளைக் கழற்றச் சொன்னார்கள். அறுபத்து நான்கு வயதில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, துவக்குகளுக்கு முன்னால் அவர் கொய்யா மரத்தில் ஏறினார்.

அவர்கள் போனபின், "இந்தச் சாதிக்குத்தான் உன்ரை மகள் கழுத்தை நீட்டினவள்," என்றார்.

"வீட்டை எரிச்சவனும் சிங்களவன்தான். எங்களை மூண்டு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சவனும் சிங்களவன்தான். நீங்கள் ஒருத்தனைத்தான் நினைச்சிருக்கிறியள்."

"ஒளிச்சவன் பொம்பிளை கேட்டு வரேல்லை."

கமலாசனி பேசாமல் விளக்குக்கு எண்ணெய் விடப் போனாள். அவள் பேசாமல் இருந்தால் கவனமாக இருக்கவேண்டும் என்று முப்பத்தைந்து வருடத்தில் அவர் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

கடைசியில் ஒரு டிஸ்க் எழும்பியது. நீலத் திரை வந்தது. இருக்கிறதையெல்லாம் அழிக்கவா என்று கேட்டது. ஆமென்று ஒரு தட்டு. பேரன் தவழ்ந்தது, நடந்தது, முதற்பல், எல்லாம் போயிற்று.

"படங்களும் போச்சோ?" என்று கேட்டாள் கமலாசனி.

"வைரஸ் படத்திலைதான் ஒட்டியிருந்தது."

அவள் அழவில்லை. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாதி வழியில் திரை ஒரு கேள்வி கேட்டது. பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள இருபத்தைந்து எழுத்தையும் தரவேண்டும். ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஐந்து எழுத்து. குனிந்து பார்த்தார். தாளின்மேல் அப்பளம் போலச் சந்தனம். நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினார். சந்தனத்தோடு எழுத்தும் உரிந்து வந்தது.

"இது என்ன வேலை?"

"போன கிழமை ஆயுத பூசையெல்லே. அரிவாளுக்கும் வைச்சன், தையல் மெசினுக்கும் வைச்சன், இதுக்கும் வைச்சன்."

"இவ்வளவு இடம் கிடக்க இந்தத் தாளிலைதானோ?"

"எனக்கு அதுதான் நெத்தி மாதிரித் தெரிஞ்சுது. ஈரத் துணியாலை நல்லாத் தேய்ச்சுத் துடைச்சுப்போட்டுத்தான் வைச்சனான்."

பஹ்மிக்குப் போன் எடுத்தார். "அது பெட்டிலதான் ஈக்கும் ஐயா, எங்கட கையில இல்ல. சும்மா ஒரு கொப்பி டிஸ்க் போட்டுத் தரட்டா?"

"களவு டிஸ்கோ? நான் முப்பத்தாறு வருசம் கணக்காய்வுத் திணைக்களத்திலை இருந்தவன்," என்று போனை வைத்தார்.

அப்போதுதான் கமலாசனி மெதுவாகச் சொன்னாள். "நளாவிட்டை அந்த எழுத்து இருக்கு."

"என்னெண்டு?"

"பூசைக்கு முதல்நாள் வாசிச்சுக் காட்டினனான். அப்பா டிஸ்க் அடிக்கிறார், பிள்ளை, எல்லாத்தையும் துடைக்கப் போறார் எண்டன். துடைக்கட்டும் அம்மா, படமெல்லாம் என்னட்டை இருக்கு, நீங்கள் அந்தத் தாளை மட்டும் வாசியுங்கோ எண்டாள்."

"அப்ப கேட்டுச் சொல்லு."

"எனக்குச் சொல்ல மாட்டாளாம்."

இரண்டு நாள் வைராக்கியமாக இருந்தார். அந்த இரண்டாம் நாள் வானொலியில் தம்பி இருக்கும் ஊரின் பெயர் வந்தது. ஷெல் விழுந்ததாம். செத்தவர்களின் பெயரை வானொலி சொல்லவில்லை. சுந்தரலிங்கத்தார் நீலத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வெறும் கட்டங்கள். கமலாசனி ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து நம்பரை அமத்தி அவர் கையில் தந்தாள்.

"அப்பா," என்றது அந்தப் பக்கம்.

ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். கீபோர்டைக் கிட்ட இழுத்தார். "எழுத்தைச் சொல்லு."

"சித்தப்பா ஆக்கள் சுகமோ அப்பா?"

"அதைப் பாக்கத்தான் கேக்கிறன். எழுத்தைச் சொல்லு."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். முதற் கட்டம் நிறைந்தது.

"மிச்சம்?"

"மிச்சம் நாளைக்கு அப்பா. சித்தப்பா வீட்டுக்கு ஒண்டுமில்லை, இஞ்சை இன்ரர்நெற்றிலை செத்தவையின்ரை பேரெல்லாம் பாத்திட்டன். ஒரு நாளைக்கு அஞ்செழுத்துத்தான். நீங்கள் எடுத்தால்தான்."

போன் துண்டிக்கப்பட்டது. சுந்தரலிங்கத்தார் திரும்பினார். முகம் கறுத்திருந்தது.

"தாயும் மகளும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டியிருக்கிறியள்."

"சிவனுக்கே அஞ்செழுத்துப் போதுமாயிருக்கு, உங்களுக்குக் காணாதோ?" என்றாள் கமலாசனி. "நான் அவளோடை கதைக்கிறது உங்களுக்குப் பொறுக்கேல்லை. சரி. இனி நான் கதைக்கேல்லை. நீங்கள் கதையுங்கோ."

"நான் கதைக்க மாட்டன் எண்டு சுவாமிக்கு முன்னாலை சொன்னவன்."

"சுவாமிக்கு நான் சொல்லிப் போட்டன். அவருக்குக் கோவமில்லையாம். நாளைக்கு இந்த நேரம் நான் கோயிலிலை நிப்பன்."

அவர் திரையைப் பார்த்தார். இன்னும் நாலு கட்டம் வெறுமையாக இருந்தது. கணக்காய்வுத் திணைக்களத்தில் எத்தனையோ பேரை விழுத்திய மனுசன், மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"அவளின்ரை நம்பர் என்ன?"