நாமா, நாங்களா?

"நாம" என்று மறுபடியும் சொன்னாள் அந்த இஸ்திரிக்கார அம்மா.

உள்ளங்கை அளவு விளையாட்டுக் கருவி. அதன் திரையில், சாட்சிக் கூண்டில் நின்றபடி சொன்னாள்: "அன்னிக்கு சாயங்காலம் நாம மாடிப்படியிலதானே இருந்தோம், வக்கீலய்யா?"

ஒற்று சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டு வீடியோ கேம்களைத் தமிழாக்கும் கம்பெனியில் அவர்தான் பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் ஓடி வந்து போட்டுவிடுவார். பெற்றவர்கள் வைத்த பேர் ஆபீஸில் யாருக்கும் ஞாபகமில்லை.

"நீயே சொல்லும்மா," என்றார், பக்கத்து மேஜை கம்ப்யூட்டர் பெண்ணிடம். "கேக்கறவரையும் சேர்த்தா 'நாம'. சேர்க்கலேன்னா 'நாங்க'. மாடிப்படியில நின்னது இந்த அம்மாவும் இன்னொருத்தரும். கேட்டுக்கிட்டு நிக்கறது நம்ம வக்கீல். அவரை எதுக்கு இழுக்கறா?"

"மொழிபெயர்த்த அக்காவையே கேட்டுரலாமே சார்."

"பிரசவ வார்டுல இருக்கிறவளைக் கூப்பிட்டு இலக்கணமா கேக்கறது?"

சாயங்காலத்துக்குள் ஆட்டம், பிரதி எடுக்கும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். போன ஆட்டத்தில் 'நீதிபதி' என்பது முகப்பிலேயே 'நீதிபாதி' என்று வந்து ஊரே சிரித்தது. "இன்னொரு பிழை வெளியே போச்சுன்னா நீங்களும் வெளியேதான்" என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறெங்கே வேலை கிடைக்கும்?

ஆட்டமும் புதுசு. முன்பு வந்த பாகங்களில் வழுக்கைத் தலை வக்கீல் ஒருவர் வாதாடினார். இதில் அவர் ஓய்வுபெற்று, புது வக்கீல் வந்திருந்தார். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். அவர் பார்ப்பதுதான் திரை, ஆடுகிறவர்தான் அவர். நாம் "ஆட்சேபணை!" என்று கத்தினால் அவர் கை மேஜையில் படாரென்று அடிக்கும். கொலைப்பழி சுமந்து நின்ற அப்பாவித் தோட்டக்காரரை எப்படியாவது காப்பாற்றிவிடத் துடிக்கிறார். ஒற்று சாருக்கு அந்த வக்கீல் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது.

'நாம'வை 'நாங்க' ஆக்கினார். ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

பின்னணி இசை நின்றுபோனது. இஸ்திரிக்கார அம்மா மெதுவாகக் கையை உயர்த்தினாள். விரல் திரைக்கு வெளியே, நேராக ஒற்று சாரின் நெஞ்சைப் பார்த்து நீண்டது.

"பொணத்தைத் தூக்கறப்போ நான் தலையைப் பிடிச்சேன். இவரு காலைப் பிடிச்சாரு."

ஒற்று சார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"நான் யார் காலையும் பிடிக்கலையே!"

"போன மாசம் மேனேஜர் ரூமுல பிடிச்சீங்களே சார்," என்றாள் பெண்.

"அது வேற கால்! சும்மா இரு." திரையைத் தட்டிக் காட்டினார். "தோட்டக்காரர் நிக்கற குற்றவாளிக் கூண்டு அந்த மூலையில இருக்கு. தூரத்துல நிக்கறவனை 'இவரு'ன்னா சொல்லுவாங்க? 'அவரு'!"

அதையும் திருத்தினார். இப்போது நீதிபதி குனிந்து பார்த்தார். "வக்கீலே, உங்க கையைக் காட்டுங்க."

திரைக்குள் இரண்டு கைகள் எழுந்தன. ஒற்று சார் தம் கைகளைப் பார்த்தார். கருவியோடு அவையும் மேலே எழுந்திருந்தன. கருவி தம்மைப் பார்த்துச் செய்கிறதா, தாம் கருவியைப் பார்த்துச் செய்கிறோமா என்று அவருக்கே புரியவில்லை.

"இதுல கேமரா இருக்காம்மா?"

"இருக்கு சார். ஆனா இந்த ஆட்டத்துக்கு வேலை செய்யாது."

எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டினார். 'வக்கீலே' என்பதை 'தோட்டக்காரரே' ஆக்கினார். "தடயத்தைப் போய் யாராவது வக்கீல் கையில தேடுவாங்களா? அந்த அக்கா வலியில எழுதியிருக்கா, பாவம்."

திருத்தத் திருத்த நிலைமை மோசமானது. நீதிமன்றத்தில் இருந்த ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. காவலர், குமாஸ்தா, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண் கொட்டாமல் அவரையே பார்த்தார்கள். தோட்டக்காரர்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சார்," பெண் குரலைத் தாழ்த்தினாள், "எல்லாரும் உங்களையே பார்க்கறாங்க."

"ஆட்சேபணை!" என்று அலறினார் ஒற்று சார்.

மேனேஜரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

திரையின் இந்தப் பக்கத்தில், மேலிருந்து கீழாகக் கறுப்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கம்பிகளுக்கு நடுவே நீதிமன்றம் தெரிந்தது. அதற்கு மேல் கதை இல்லை. கடைசிக் கட்டத்தை ரகசியம் என்று வெளிநாட்டுக்காரர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் தொடும் உரிமை மொழிபெயர்த்தவளுக்கு மட்டும்தான்.

ஒற்று சார் கருவியை மேஜையில் குப்புறக் கவிழ்த்தார்.

"கம்பி மாறி விழுந்திருக்கும்மா. தோட்டக்காரர் முன்னாடி விழ வேண்டியது. எடுத்துடு."

"எடுக்கலாமா சார்? படத்துல கை வைக்கிறது..."

"எடும்மா! இது என்னவோ நல்லதுக்கில்ல. சீக்கிரம் அனுப்பித் தொலை."

எடுத்தாள். அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று தொழிற்சாலையிலிருந்து பதிலும் வந்தது. ஒற்று சார் அப்போதுதான் மூச்சே விட்டார். வேலை பிழைத்தது. தோட்டக்காரருக்கு என்ன ஆனாலும் நம்ம வக்கீல் பார்த்துக்கொள்வார்.

போன் அடித்தது. மொழிபெயர்த்தவள்.

"சார், பொண்ணு பொறந்திருக்கா!"

"ரொம்ப சந்தோஷம்மா! தாயும் பிள்ளையும் நல்லா இருங்க." மனசு நிறைந்து, பெரிய மனதோடு சேர்த்துக்கொண்டார்: "வேலையைப் பத்திக் கவலைப்படாதே. அந்த இஸ்திரிக்கார அம்மா பேச்சுல நீ விட்டிருந்த 'நாம', 'இவரு' எல்லாத்தையும் நான் சரி பண்ணி அனுப்பிட்டேன்."

மறுமுனையில் குழந்தை வீறிட்டது.

"எல்லாத்தையுமா சார்?"

"ஒண்ணு விடலையே!"

"ஐயோ சார்... கொலை பண்ணதே அந்தப் புது வக்கீல்தான். ஆடறவங்க அச்சுப்பிழைன்னு நினைச்சுத் தாண்டிப் போகட்டும்னுதானே அந்த 'நாம'ங்கிற துப்பைத் தைரியமா விட்டு வச்சேன்!"