மூன்றாம் பந்தி, இருபத்தேழாவது நிமிஷம்

தாய்மாமன் பாசத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். வெங்கடசாமி விலை சொல்லிவிட்டார்: ஒரு இலைச் சாப்பாடு, அதுவும் சாட்சியோடு.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் தங்கை அம்புஜத்தின் கல்யாணத்தில் தன்னை ஒருத்தரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்பது அவர் கட்சி. தெருவில் எதிர்ப்படுகிறவர்கூட ‘ஊட்டா ஆய்த்தா’ என்று சாப்பாட்டை விசாரித்துவிட்டுப் போகிற பெங்களூரில், சொந்த அண்ணனை விசாரிக்கவில்லையாம். அன்றோடு தங்கையின் மர்பி டவுன் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். இப்போது அம்புஜத்தின் மகள் கிருத்திகாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாமன் மாலை இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது என்று அம்புஜம் போனில் அழுதாள்.

"நான் அன்னிக்குச் சாப்பிட்டேன்னு காட்டட்டும். மாலை என்ன, பொண்ணைத் தோள்லயே தூக்கிட்டு வர்றேன்" என்றார் வெங்கடசாமி.

அம்புஜத்தின் கணவர் எத்திராஜ் லிப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் அவருடைய சகலை, அம்புஜத்தின் அக்கா கணவர் பாலசுப்ரமணியன். துபாயிலிருந்து கொண்டுவந்த சின்னக் கேமரா. எத்திராஜ் பிரேசர் டவுனில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டதும், அதிகம் பேசாத அந்த மனுஷர் கேமராவையும் கேசட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

கிருத்திகா தன் கல்யாணத்துக்கென்று ஒரு வெப் பக்கம் செய்திருந்தாள். அதில் வைத்தால் சொந்தம் மொத்தமும் பார்க்கும், மச்சானால் மறுக்க முடியாது. ஆளையே பதினெட்டு மாடி ஏற்றுகிறவனுக்கு ஒரு வீடியோவை ஏற்றுவது பெரிய காரியமா என்று எத்திராஜ் மகளைக் கேட்காமல் இறங்கினார்.

ஒரு மணி நேரக் கேசட் கம்ப்யூட்டரில் பதிமூன்று ஜிபி வந்தது. அப்படியே வைத்தார். வெங்கடசாமியின் போனில் அரை நாள் வட்டம்தான் சுற்றியது. அன்று மண்டபத்தில் தன்னைச் சுற்ற விட்ட மாதிரியே இருப்பதாகத் தகவல் வந்தது.

சுருக்கினார். ஆர்வத்தில் அறுபது எம்பி வரை சுருக்கிவிட்டார். படம் உடனே ஓடியது; ஆனால் பந்தியில் தலைக்குப் பதில் வரிசையாக மைசூர்பாகுத் துண்டுகள் உட்கார்ந்திருந்தன. மூன்றாம் பந்தியில் நாலாவது துண்டுதான் உங்க அண்ணன் என்று எத்திராஜ் சொல்ல, அம்புஜம் அதை அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தாள். கோபம் இன்னொரு மாடி ஏறியது.

சுருக்கத்தைத் தளர்த்தினார். முகம் வந்தது, ஆனால் கை அசைந்த இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு. கோடு போக ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். கையோடு, பக்கம் நிறையட்டும் என்று படத்தை அகலமாக இழுத்தும் விட்டார். அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்டச் சதுரம். இழுத்ததில் எல்லோரும் பக்கவாட்டில் பருத்தார்கள். வெங்கடசாமி இரண்டு இலைக்கு உட்கார்ந்திருந்தார்.

"என்னைச் சாப்பாட்டு ராமன்னு ஊருக்குக் காட்டறானா உன் புருஷன்?"

அம்புஜம் லேப்டாப்பை மூடினாள். "போதுங்க. எனக்கு இருக்கிறது ஒரு அண்ணன்."

கிருத்திகா ஆபீசிலிருந்து வந்து, அப்பா செய்ததையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அகலத்தைப் பழையபடி வைத்து, இருபுறமும் கறுப்பு விட்டு, எல்லாப் போனிலும் ஓடுகிற வகையில் மாற்றி ஏற்றினாள். பக்கம் சத்தமில்லாமல்தான் தொடங்கும், ஸ்பீக்கர் படத்தை மாமாவைத் தொடச் சொல்லுங்கள் என்றாள்.

மாமா தொட்டார். இருபத்தேழாவது நிமிஷம், மூன்றாம் பந்தி. முகம் அவருடையது. குரலும் அவருடையதே: "பாயசம் இந்தப் பக்கம் ரெண்டாவது ரவுண்டு வரலியே."

ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். "சாப்பிட்டது மறந்துபோச்சு மாப்ளே, கோவம் மட்டும் ஞாபகம் இருந்திச்சு" என்றார். அம்புஜம் அழுதுகொண்டே காபி போட்டாள். கூடியிருந்த சொந்தமெல்லாம் டிவியில் அந்தப் பக்கத்தைப் போட்டு ஆளாளுக்குத் தன் இலையைத் தேடிக் கண்டுபிடித்தது.

எத்திராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு ஆள் விடாமல் கவனித்திருக்கிறோம், வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள் என்றார், ஓரமாக நின்ற பாலசுப்ரமணியனிடம்.

"எண்ணிட்டேன் சகல" என்றார் அவர். "அஞ்சு பந்தி, இருநூத்தி நாப்பத்தோரு இலை. கேமராவைப் புடிச்சிருந்தவனோட இலை ஒண்ணுதான் பாக்கி."